மினதி தானே போட்ட டிக்கெட்

புவனேஸ்வரியின் மூக்குக்கண்ணாடி உடைந்துபோன வாரம் அது. வடமதுரையை ஒட்டிய நூல் மில் ஒன்றில் வேலை செய்யும் பெண்கள் தங்குகிற விடுதிக்கு அவள்தான் சமையல்காரி. கண்ணாடி இல்லாமல் துவரம்பருப்பில் கிடக்கிற கல்லும் அவளுக்குப் பருப்பாகத்தான் தெரிந்தது. சாம்பாரில் கல் கடிபட்ட ஒருத்தி, "இது என்னக்கா, சோறு போடுறியா, ரோடு போடுறியா?" என்று தட்டைத் தள்ளிவிட்டுப் போனாள். இன்னொரு தடவை புகார் வந்தால் ஆளை மாற்ற வேண்டியிருக்கும் என்று வார்டன் அறிவுச்செல்வியும் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை, பெருமாளே என்று கும்பிட்டுக்கொண்டே சமையல்கட்டுக்குள் நுழைந்தவள், மூலையில் ஒரு சுளகு நிறையப் பருப்பு துணி போட்டு மூடியிருப்பதைப் பார்த்தாள். விரல் விட்டுத் துழாவினாள். மருந்துக்கு ஒரு கல் இல்லை. மூடியிருந்த துணியில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சுத் தும்பு ஒட்டியிருந்தது. ஷிப்ட் முடித்து வந்த யாரோ ஒருத்தி, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் உட்கார்ந்து பொறுக்கி வைத்திருக்கிறாள்.

புதுக் கண்ணாடி வந்து சேரும்வரை அப்படித்தான் நடந்தது. கேட்டால் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பக்கத்துக் கட்டில்காரி போட்டுக்கொடுத்த பிறகுதான், அது ஒடிசாவிலிருந்து வந்த மீனாட்சி என்று தெரிந்தது.

"ஏன் தாயி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"தூக்கம் வரலக்கா," என்று மட்டும் சொன்னாள் அவள். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மீனாட்சி என்பது மில்லில் வைத்த பேர். சொந்தப் பேர் மினதி. மேஸ்திரிக்கு அது வாயில் நுழையவில்லை, மதுரைக்கு வடக்கே இருந்துகொண்டு வேறு பேரைத் தேடுவானேன் என்று மீனாட்சி ஆக்கிவிட்டார். புவனேஸ்வரிக்கு அதில் சந்தோஷம்தான். ஆத்தா பேரைத் தினமும் சொல்லிக் கூப்பிடக் கொடுத்து வைத்திருக்க வேண்டாமா? அந்தப் பிள்ளைக்கு அது எப்படி இருந்தது என்று அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

பலாங்கீர் என்கிற ஊர்ப் பக்கம். புருஷன் செங்கல் சூளையில் வேலை செய்த இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனான். மகள் ரிங்கியைக் கொழுந்தன் வீட்டில் விட்டுவிட்டு, ஏஜென்ட் சுருளிவேல் கூட்டி வந்த பெண்களோடு ரயிலேறி வந்தாள். வரும்போது தமிழில் 'தண்ணி' மட்டும் தெரியும். நாலு வருஷத்தில் 'அம்புட்டுத்தான்', 'செத்த இருக்கா' எல்லாம் நம்மைப்போலவே சொல்லப் பழகிவிட்டாள். மில்லுக்கும் விடுதிக்கும் நடுவே ஒரு ரோடு. அந்த ரோட்டைத் தவிர திண்டுக்கல்லில் அவள் வேறு எதையும் பார்த்ததில்லை.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்கூட்டரில் நர்கீஸ் வந்து இறங்கினாள். பேகம்பூர்ப் பெண். அத்தா தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்க்கிறவர். இவள் டவுனில் இ-சேவைக் கடை வைத்திருக்கிறாள். பெண்கள் சங்கம் ஒன்றின் சார்பில், வெளியூர்ப் பெண்களுக்குப் போனைச் சரியாகப் பயன்படுத்தச் சொல்லித்தர வந்தாள். மில்லில் ரொம்ப யோசித்து, ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் நடத்தலாம், சமையல்காரம்மா கூடவே இருக்க வேண்டும் என்று அனுமதி கொடுத்தார்கள்.

"எல்லாரும் போன எடுங்க பாப்போம்," என்றாள் நர்கீஸ்.

கூடம் முழுக்கச் சிரித்தது. போன்களெல்லாம் வார்டன் அறையில் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தன. சாயந்திரம்தான் கொடுப்பார்கள்.

நர்கீஸ் அறிவுச்செல்வியிடம் போனாள். "அக்கா, அடுப்பப் பூட்டி வச்சுட்டு சமையல் சொல்லிக்குடுன்னா எப்படி? சாவியக் குடுங்கக்கா, புண்ணியமாப் போகும்."

வார்டன் முறைத்தாள். ஆனால் பீரோ திறந்தது.

ஒரு மூலையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த புவனேஸ்வரியையும் அவள் விடவில்லை. "நீங்க ஏன்க்கா அங்கேயே இருக்கீங்க? வாங்க."

"நமக்கெல்லாம் எதுக்கும்மா. நான் அஞ்சாப்போட நின்னவ."

"போனு உங்ககிட்ட டி.சி. கேக்காதுக்கா. வாங்க சும்மா."

வெங்காயக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவளும் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் மினதி. பொங்கலுக்குத்தான் ஒரு டச் போன் வாங்கியிருந்தாள். அதற்கு முன் வைத்திருந்தது பட்டன் போன். எந்தப் பட்டனை அமுக்கினாலும் பேச வருகிற மாதிரி ஊர்க் கடைக்காரன் வைத்துக் கொடுத்தது.

முதல் பாடம், அவரவர் பேரைப் போனில் எழுதுவது. நர்கீஸ் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே வந்தாள். "உங்க பேரு?"

"மீனாட்சி."

"அம்மா வச்ச பேருங்க."

இவள் புவனேஸ்வரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மினதி," என்றாள். போனிடம் அவள் தன் பாஷையில் ஏதோ சொல்ல, வட்ட வட்டமான எழுத்தில் அது எழுதிக் காட்டியது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று முதல் புவனேஸ்வரியும் அவளை மினதி என்றே கூப்பிடப் பழகிக்கொண்டாள். ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அடுத்த ஞாயிறுதான் ஒரு விஷயம் வெளியே வந்தது. நர்கீஸ் ஒவ்வொரு போனாகக் கூப்பிட்டு, எடுத்துப் பேசச் சொன்னாள். பேக்கிங் பிரிவுப் பெண்கள் சுலபமாக எடுத்தார்கள். ஸ்பின்னிங் பிரிவுப் பெண்களைக் கூப்பிட்டால் மட்டும் மணி அடித்த மாத்திரத்தில் கட்டாகிக்கொண்டே இருந்தது. மினதியை மறுபடி மறுபடி கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் கட்.

"என்னங்கடி, எல்லாரும் சேந்து என்னைய ஓட்டுறீங்களா?" என்று இடுப்பில் கை வைத்தாள் நர்கீஸ்.

"டவர் இல்லக்கா," என்றாள் மினதி.

"டவரா? எந்திரிக்காம இங்கயே அமுக்குங்க. நான் பக்கத்துல நின்னு பாக்குறேன்."

போன் அடித்தது. திரையில் சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம். மினதியின் விரல் ஒரு நொடிகூட யோசிக்காமல் மின்னல் மாதிரி சிவப்பில் போய் விழுந்தது.

"ஏன் சிவப்பத் தொடுறீங்க?"

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. பக்கத்தில் இருந்த ஒருத்திதான் பதில் சொன்னாள். "செவப்பு எரிஞ்சா ஓடிப்போயி கை வைக்கணுமில்லக்கா? விட்டா மேஸ்திரி பேயாட்டம் கத்துவாரு."

புது மிஷின்களில் எங்கே நூல் அறுந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு விளக்கு எரியும். ஓடிப்போய்க் கை வைத்து இழையை ஒட்டிவிட்டால் அணைந்துவிடும். பச்சை எரிந்தால் எல்லாம் நன்றாக ஓடுகிறது, திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று அர்த்தம். ஷிப்ட் முழுக்கச் சிவப்பைத் தேடித் தேடி ஓடுகிற பிள்ளைகள். போன் அடித்து சிவப்பைக் கண்டால் கை தானாகப் போகிறது.

நர்கீஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கூடமே சிரித்தது. "யா அல்லாஹ், போன்லயும் மில்லு வேலை பாத்திருக்கீங்களேடி!"

மினதி மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகம் வெளுத்துப்போவதைப் புவனேஸ்வரி பார்த்தாள். "என்ன தாயி?" என்று தோளைத் தொட்டாள்.

"ஊர்ல இருந்து ஒரு நம்பர் வரும்க்கா. சாயங்காலத்துல. நான் தொட்டதும் பேச்சே வராது. டவர் இல்லன்னு நெனச்சேன். எத்தனவாட்டி..."

நர்கீஸ் அந்த நம்பரைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். மினதி அங்கேயே கூப்பிட்டாள். ஊரில் அங்கன்வாடி நடத்துகிற அம்மாளின் போன் அது. அவர்கள் பேசியது இவர்களுக்குப் புரியவில்லை. ஆனால் மினதியின் குரல் முதலில் உயர்ந்து, பிறகு தாழ்ந்து, பிறகு இல்லாமலே போனது எல்லாருக்கும் கேட்டது.

நடந்தது இதுதான். கொழுந்தன் வீட்டுக்கு இவள் பேசும்போதெல்லாம் ரிங்கி விளையாடப் போயிருக்கிறாள், தூங்குகிறாள் என்று ஏதாவது சொல்லிவிடுவார்கள். பிள்ளையோ அங்கன்வாடி அம்மாளின் காலைப் பிடித்து அம்மாவுக்குப் போன் போடச் சொல்லியிருக்கிறது. போட்ட போதெல்லாம் அம்மா கட் பண்ணிவிட்டாள். 'உன் அம்மாவுக்கு நீ வேண்டாம், பார்த்தாயா' என்று சித்தி சொல்லியிருக்கிறாள். இப்போது போனில் அம்மா என்று கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்று கதவுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டது. அது மட்டுமில்லை. கோடை லீவு விட்டதும் பிள்ளையை ராய்ப்பூரில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப் பேசி முடித்துவிட்டார்கள். இனிப் பள்ளிக்கூடம் இல்லை.

மினதி போனை மடியில் வைத்தாள். அழுவாள் என்று புவனேஸ்வரி நினைத்தாள். அவள் அழவில்லை.

"நான் போயி கூட்டிட்டு வாரேன்," என்றாள்.

சொல்வது லேசு. இத்தனை வருஷமாக அந்தப் பெண்கள் ஊருக்குப் போனதெல்லாம் சுருளிவேல் டிக்கெட் போட்டு, கூட்டமாக ஏற்றி, கூட்டமாக இறக்கித்தான். டிக்கெட்டை அவர்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. தனியாக இறங்கினால் தொலைந்து போவாய் என்று சொல்லிச் சொல்லியே வைத்திருந்தான்.

அவனிடம் போய்க் கேட்டாள். சமையல்கட்டு வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவன், "ஆடி மாசம் எல்லாரும் போவீங்க. அப்பப் போலாம்," என்றான்.

"ஆடிக்குள்ள எம்மகள அனுப்பிருவாங்க."

"அதுக்கு? உனக்காக ஒரு ரயிலு விடச் சொல்லவா? சீட்டே இல்ல. தனியாப் போறேன்னு கிளம்பிறாத. மெட்ராஸ்ல ஒரு ஸ்டேஷன்ல இறங்கி இன்னொரு ஸ்டேஷனுக்குப் போகணும், தெரியுமா? ஏ மீனாட்சி, சொக்கரு இல்லாம நீ எங்கிட்டுப் போவ?" என்று சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான்.

புவனேஸ்வரிக்குக் கரண்டியாலேயே ஒன்று வைக்கலாம் போலிருந்தது. மினதி அவன் காப்பித் தம்ளரை வாங்கிக்கொண்டாள். அதில் இன்னும் பாதி இருந்தது.

"எம் பேரு மினதி," என்றாள்.

அடுத்த ஞாயிறு நர்கீஸிடம் டிக்கெட் போடக் கற்றுக்கொடுக்கச் சொன்னாள். நர்கீஸ் கடையில் தினமும் பத்துப் பேருக்கு டிக்கெட் போடுகிறவள். கண்ணை மூடிக்கொண்டு போட்டுத் தந்துவிடுவாள். புவனேஸ்வரியும் அதையேதான் சொன்னாள். "பாவம்மா, நீயே போட்டுக் குடுத்துரேன். புள்ள பதறிக்கிட்டு இருக்கா."

நர்கீஸ் கை நீட்டினாள். மினதி போனைத் தரவில்லை.

"நீங்க சொல்லுங்க. நான் அமுக்குறேன். இந்தத் தடவ நீங்க போட்டுக் குடுத்தா அடுத்த தடவயும் யாரையாச்சும் கேக்கணும்."

முதல் நாள் ஆகவில்லை. ஊர்ப் பேரைப் போனிடம் சொன்னால் அது எழுதிக்கொண்டது. ஆனால் நடுவில் கோணல்மாணலாகச் சில இங்கிலீஷ் எழுத்துகளைக் காட்டி, அதைப் பார்த்து அப்படியே எழுது என்றது. இவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாகக் கோலத்தைப் பார்த்துப் போடுகிற மாதிரி தேடித் தேடி எழுதி முடிப்பதற்குள், நேரம் முடிந்துவிட்டது என்று திரை வெள்ளையாகிவிடும். மறுபடி முதலிலிருந்து.

அந்த வாரம் முழுக்க, சாயந்திரம் போன் கைக்கு வந்ததும் சமையல்கட்டுக்கு வந்துவிடுவாள். புவனேஸ்வரி குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷ் எழுத்தைச் சொல்லிக் கொடுப்பாள். இரண்டு பேரும் தவறு விடுவார்கள். "இது வளைஞ்சு இருக்கு தாயி, அது நேரா நிக்குது பாரு." "எதுக்கா?" "அடி, புளியங்கொட்ட மாதிரி இருக்குல்ல, அது." கோட்டை மாரியம்மனுக்குத் திருவிழா நடந்துகொண்டிருந்த நேரம். ஆத்தா, இந்தப் பிள்ளைக்கு ஒரு சீட்டுக் கொடு என்று புவனேஸ்வரி அடுப்புக்கு முன்னால் நின்றே வேண்டிக்கொண்டாள்.

அதற்கடுத்த ஞாயிறு காரியம் பலித்தது. திரையில் டிக்கெட் வந்து நின்றது. கூடத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். மினதி தலையைத் தூக்கவில்லை. இன்னும் எதையோ அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சிருச்சுல்ல மினதி, இன்னும் என்ன பண்றீங்க?" என்றாள் நர்கீஸ்.

"திரும்பி வர டிக்கெட்."

"அது அப்புறம் போடலாமே."

"இப்பவே. ரெண்டு பேருக்கு."

நர்கீஸ் மெதுவாக, "இன்ஷா அல்லாஹ்," என்றாள்.

லீவு கேட்டபோது அறிவுச்செல்வி மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டாள். "ஏஜென்ட்டுக்குத் தெரியாம யாரு டிக்கெட் போட்டுக் குடுத்தது?" மினதி போனைத் திருப்பிக் காட்டினாள். வார்டன் அதை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "நெசமாவே நீ போட்டியா? எங்க வீட்டுக்காரரே இன்னும் கடைக்குத்தான் போறாரு," என்று சொல்லிக்கொண்டே லீவு எழுதினாள்.

புவனேஸ்வரி கெட்டியாகப் புளிசாதம் கிண்டி வாழை இலையில் கட்டிக் கொடுத்தாள். பழனி விபூதிப் பொட்டலம் ஒன்றையும் பைக்குள் திணித்தாள். மினதி போகிற வழியைப் புவனேஸ்வரி தன் போன் திரையில் பார்க்கிற மாதிரி நர்கீஸ் செய்து கொடுத்திருந்தாள். நீலமாக ஒரு புள்ளி. திண்டுக்கல்லை விட்டு அது வடக்கே நகர்ந்தது. மெட்ராஸ் வந்ததும் நின்றுவிட்டது. வெகுநேரம் அசையவே இல்லை. புவனேஸ்வரிக்கு அடுப்பில் கை ஓடவில்லை. ரசத்துக்குப் புளி கரைக்க மறந்து மிளகைத் தட்டிப் போட்டாள். பெருமாளே, சுருளிவேல் சொன்னது பலித்துவிடக் கூடாது என்று மனசுக்குள் அரற்றினாள்.

அப்போது போனில் மினதி பேசி அனுப்பிய குரல் வந்து விழுந்தது. சுற்றிலும் ஒரே இரைச்சல். "அக்கா, ஆட்டோக்காரரு சுத்திப் போகப் பாத்தாரு. நான் போன்ல வழி பாத்து, 'அண்ணே, இங்கிட்டு'ன்னு சொன்னேன். ரெண்டாவது ஸ்டேஷனுக்கு வந்துட்டேன். புளிசாதம் நல்லா இருக்கு."

புவனேஸ்வரி அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். பிறகு தானும் பச்சையாக இருந்ததை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகப் போனிடம் பேசி அனுப்பினாள். "பாத்துப் போ தாயி. தண்ணி நெறையக் குடி."

ஊரில் நடந்ததை மினதி வந்த பிறகு சொன்னாள். வீட்டு முன்னால் போய் நின்றபோது ரிங்கி வெளியே வரவில்லை. அங்கன்வாடி அம்மாளின் போனை வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுக்கச் சொல்லிவிட்டு, இவள் வெயிலில் தெருவிலேயே நின்று கூப்பிட்டாள்.

"கட் பண்ணிட்டாக்கா. நான் திரும்பப் போட்டேன். திரும்பக் கட். நான் பண்ணுனதத்தான எனக்குப் பண்றா? போட்டுக்கிட்டே இருந்தேன். கடசில எடுத்தா. எடுத்து, 'நீ எதுக்கு வந்த'ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"மிஷினு, செவப்பு லைட்டு எல்லாம் சொன்னேன். அவளுக்குப் புரிஞ்சுச்சோ என்னவோ. கதவத் தொறந்தா."

கொழுந்தன் லேசில் விடவில்லை. பொட்டப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தனியாக எப்படிப் போவாய், யார் கூட்டிப் போவார்கள் என்று நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கேட்டிருக்கிறான். இவள் திரும்பி வருகிற டிக்கெட்டை நீட்டினாள். அதில் இரண்டாவதாக ரிங்கியின் பேர் இருந்தது. அங்கன்வாடி அம்மாள் அதை எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினாளாம். அதற்குப் பிறகு வாக்குவாதம் நீளவில்லை.

சித்திரை பிறந்த பிறகு தாயும் மகளும் விடுதி வாசலில் வந்து நின்றார்கள். ரிங்கி ஒல்லியாக, பெரிய பெரிய கண்ணோடு, அம்மாவின் சேலை நுனியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். விடுதியில் பிள்ளைகளை வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. அறிவுச்செல்வி தன் அறையிலேயே கொஞ்ச நாள் படுக்க வைத்துக்கொண்டாள். யாரும் கேட்காமல் அவளாகச் செய்தது அது. அதற்குள் மினதி டவுனில் ஒரு தையல் கம்பெனியில் பகல் வேலை தேடிக்கொண்டாள். வகுப்புப் பெண்களுக்காக நர்கீஸ் வைத்திருந்த போன் குழுவில் வந்த செய்தியைக் கேட்டு, அவளே பேசி வாங்கிய வேலை. சுருளிவேல் வந்து, "என்னைய விட்டுட்டுப் போற, பாத்துக்கிறேன்," என்று உறுமிப் பார்த்தான். "பாத்துக்கங்கண்ணே," என்றாள், மரியாதையாக.

இப்போது அவர்கள் நாகல்நகர்ப் பக்கம் ஒரு ஒற்றை அறையில் இருக்கிறார்கள். ரிங்கி கவர்மென்ட் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். தமிழில் அ, ஆ எழுதிய போட்டோ வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நர்கீஸோடு வேறொரு மில் விடுதிக்குப் போய், மினதியும் ஒரியாப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். இன்றுவரை புவனேஸ்வரியால் ஒரு எட்டுப் போய்ப் பார்க்க முடியவில்லை. சமையல்கட்டுக்கு ஏது லீவு? போனில் முகம் பார்த்துப் பேசுவதோடு சரி.

நேரில் கடைசியாகப் பார்த்தது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு தேடிக் கிளம்பிய அந்தக் காலைதான். அதற்குள் பல வீட்டுக்காரர்கள் இவள் பேச்சைக் கேட்டதுமே, இந்திக்காரங்களுக்கு வீடு இல்லை என்று போனை வைத்திருந்தார்கள். நாகல்நகரில் ஒரு வீட்டில் மட்டும் நேரில் வந்து பேசு என்றார்கள்.

புவனேஸ்வரி முகத்தைக் கழுவி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, நல்ல சேலையாக ஒன்றைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். "செத்த இரு, நானும் வாரேன். உள்ளூர்க்காரி ஒருத்தி பக்கத்துல நின்னா மறுத்துப் பேச மாட்டாக. எனக்குத் தெரிஞ்ச புள்ள, நல்ல புள்ளன்னு நான் சொல்றேன்."

மினதி பெட்டியைக் கீழே வைத்தாள். குனிந்து புவனேஸ்வரியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மகளையும் அப்படிச் செய்யச் சொன்னாள். பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது. பெட்டியை மறுபடி எடுத்துக்கொண்டு சொன்னாள்:

"வேணாம்க்கா. நீங்க வந்தா உங்க மூஞ்சியப் பாத்து வீடு குடுப்பாங்க. எம் மூஞ்சியப் பாத்துக் குடுக்கட்டும்."